ரோட்டைத் தொடாத ஷூ

"கட்டைவிரலுக்கு முன்னாடி ஒரு விரல் அகலம் இடம் இருக்கா சார்?" என்று கடைப் பெண் ஷூவின் மூக்கை அழுத்திப் பார்த்தாள்.

"இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"எழுந்து நாலடி நடந்து பாருங்க."

"நாலடி நடந்தா என்னம்மா தெரியும்?"

அவர் அப்படிக் கேட்டதில் ஆச்சரியமில்லை. நாற்காலித் தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். புது மாதிரி நாற்காலி எது வந்தாலும் அவர் அதில் அரை நாள் உட்கார்ந்து, சாய்ந்து, நெளிந்து, சரி என்று தலையாட்டினால்தான் அது வெளியே போகும். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே ஆசனம்தான்.

சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததில் உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது. பாதங்களும் உப்பிக்கொண்டன. "தினம் காலையில மெதுவா ஓடுங்க. ஒரு மாசம் பார்ப்போம். குறையலைன்னா தினம் ஊசிதான்" என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஊசி என்றாலே ஆசனத்துக்குக் கை கால் உதறும். மகளுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போனபோது குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, மயங்கி விழுந்தது அவர்தான்.

"வீட்டுல போட்டுப் பாருங்க சார். சரியில்லைன்னா மாத்திக்கலாம். அடிப்பாகம் மட்டும் ரோட்டைத் தொட்டிருக்கக் கூடாது" என்றாள் கடைப் பெண். அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஆசனம் ஹாலில் ஓடினார். சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, சமையலறை வாசலில் திரும்பி, மறுபடி சோபா.

மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "ஏங்க, என்னங்க இது?"

"ஷூ சரியா இருக்கான்னு பார்க்கிறேன்."

"அதை ரோட்டுல போய்ப் பார்க்கிறது!"

"ரோட்டுல கால் வச்சா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. சரியான ஷூ அமையட்டும், அப்புறம்தான் ஓட ஆரம்பிப்பேன்."

வியர்த்து ஊற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. விரல் நுனி இடித்தது.

"காலையில வந்து வாங்கினீங்கல்ல, அதான் சார். சாயங்காலம் பாதம் கொஞ்சம் பெருசாகும். அந்த நேரத்துல பார்த்து வாங்கணும்" என்று கடைப் பெண் அரை அளவு பெரியதாக எடுத்துக் கொடுத்தாள்.

அது முதலில் மெத்தென்று இருந்தது. ஆசனத்துக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல நாற்காலிகூட நாள் பட்டுத்தான் குத்தும். தினமும் ஓடிப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து குதிகால் நழுவியது. இரண்டு சாக்ஸ் போட்டார். குதிகால் நின்றது, விரல்கள் நெரிந்தன. நாடாவை இறுக்கினார். பாதம் மரத்துப்போனது.

அந்தச் சமயத்தில் கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியார் சிவந்த கண்களோடு கதவைத் தட்டினார்.

"சார், காலையில மாவு இடிக்கிறீங்களா?"

"இல்ல சார், ஷூ பார்க்கிறேன்."

"கடையில பார்க்க மாட்டீங்களா?"

"மன்னிச்சுக்குங்க சார். நாளையிலேர்ந்து ஹால்ல ஓட மாட்டேன்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். படுக்கையறையில் ஓடினார். வாத்தியாரின் கட்டிலும் அதற்கு நேர் கீழேதான் கிடக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அன்று முதல் தரைக்கு அடியிலிருந்து துடைப்பக் கட்டையால் இடிக்கும் சத்தம் கேட்டது.

அதற்கும் பயந்துபோய்ச் சமையலறைக்கு ஓட்டத்தை மாற்றினார். மனைவி அப்போதுதான் தரை துடைத்திருந்தாள். சறுக்கி, அலமாரியைப் பிடித்து, எப்படியோ தப்பினார். ஷூவின் அடியெல்லாம் அழுக்கு. பிரஷ்ஷை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"அது எந்த பிரஷ்?" என்றாள் மனைவி.

"பழசுதான்."

"ஐயோ, என் பல் தேய்க்கிற பிரஷ்ஷுங்க அது!"

அன்று அவருக்குச் சாப்பாடு அவரே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கடைப் பெண் அவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். அளந்து பார்த்துவிட்டு, "சார், இப்ப உங்களுக்கு முதல்ல இடிக்குதுன்னு கொடுத்தீங்களே, அந்த அளவுதான் சரியா வருது" என்றாள்.

"அப்ப நாளைக்கு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? கால் உங்களுது."

மூன்றாவது ஜோடியையும் விடாமல் ஓடிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதம் முடிந்துவிட்டது. வெளியே ஒரு நாள்கூட ஓடவில்லை. எந்த முகத்தோடு டாக்டரைப் பார்ப்பது?

டாக்டர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் ஆடும் நாற்காலி. அதைச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

டாக்டர் அவர் பாதத்தை அழுத்திப் பார்த்தார். "வீக்கம் நல்லா வத்தியிருக்கே!" ஆசனம் முந்தின நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சர்க்கரையும் இறங்கியிருக்கு. சபாஷ்! ஊசியே தேவையில்லை. இதே மாதிரி ஓடுங்க."

ஆசனம் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காத எதையும் சரி என்று ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

"டாக்டர், இது என் ரத்தம் இல்லை."

"என்ன?"

"மாறிப்போச்சு. நான் இன்னும் ஓடவே ஆரம்பிக்கலை. ஷூ அமையலை. இது யாரோ தினம் ஓடுறவரோட ரத்தம்."

டாக்டர் மறுபடி ரிப்போர்ட்டைப் புரட்டினார். "நிஜமாவா? ஒரு நாள்கூட ஓடலையா?"

"சத்தியமா இல்லை."

"அப்ப சந்தேகம் வேண்டாம், இன்னொரு தடவை எடுத்துடுவோம்" என்று மணியை அடித்தார். நர்ஸ் கதவை அகலத் திறந்துகொண்டு ஊசியோடு வந்தாள். "இவர் இன்னும் ஓடவே ஆரம்பிக்கலையாம், மறுபடி ரத்தம் எடும்மா" என்றார் டாக்டர். ஆசனத்துக்குக் கண் இருட்டியது.

வெளியே பெஞ்சில் தூக்க மாத்திரைக்காகக் காத்திருந்த கணக்கு வாத்தியார் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஊசியைக் கீழ வைம்மா. டாக்டர், இவர் இன்னும் ஓடவே ஆரம்பிக்கலைன்னா, ஒரு மாசமா தினம் விடியக்காலையில என் தலைக்கு மேல ஓடினது யாரு?"