சிவப்புப் பெயின்ற்றில் ஒரு நற்சான்றிதழ்

நகரத் திட்டமிடல் படித்துவிட்டு நான் முழுமையாக நிறைவேற்றிய ஒரே திட்டம், திடமாக நின்ற ஒரு வீட்டின் கூரையைக் கழற்ற வைத்ததுதான். அதுவும் அந்த வீட்டைக் காப்பாற்றப் போய்.

தொண்ணூறுகளின் தொடக்கம். போரால் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெயே வராத காலத்தில் நான் அங்கே கடலோரக் குருநகருக்கு இருபது வருடத் திட்டம் வரைந்துகொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். எனக்கு மேசை, கதிரை, தலைக்கு மேல் மின்விசிறிகூட இருந்தது. மின்சாரம்தான் இல்லை.)

முதல் வேலை, ஷெல்லுக்குத் தப்பிய நல்ல வீடுகளை அடையாளமிடுவது. அவற்றைத் தொடாமல் மிச்சத்தைத் திட்டமிட வேண்டும். நான் படித்தபடி அதற்குப் பச்சைப் புள்ளடி, அதாவது குறுக்கே இரண்டு கோடு. பச்சைப் பெயின்ற்றுக்கு எங்கே போவது? வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய சிவப்பு அரை ரின் கிடைத்தது. நிறத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். றோட்டு அகலிக்க வருகிறவர்கள், வெட்டப்போகும் பனைக்கும் இடிக்கப்போகும் மதிலுக்கும் சிவப்புப் புள்ளடி போடுவார்கள் என்பது எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பட்டதாரிக்குத் தெரியவில்லை.

மீன் விற்கும் றோசம்மாக்காவின் சுவரில் மிகப் பெரிதாக ஒன்று போட்டேன். அவர் சந்தைக்குப் போயிருந்தார். கேட்டுவிட்டுப் போடுவது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

நாலாம் நாள் போனால், வீடு கூரையில்லாமல் நிற்கிறது. ஓடுகள் முற்றத்தில். கதவு மதிலில் சாய்ந்திருக்கிறது. றோசம்மாக்கா யன்னலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா செய்யிறியள்?”

“கண் தெரியேல்லையே? நீங்கள் வந்து இடிக்க முந்தி எடுக்கிறன். ஓடாவது மிஞ்சட்டும்.”

“ஐயோ, அது இடிக்கிறதுக்கில்லை. நல்ல வீடு எண்டு போட்டது!”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“ஷெல்லடிக்கேக்கையும் நான் இதை விட்டுப் போகேல்லைத் தம்பி. மூத்தவன் கடலுக்குப் போய் எட்டு மாதம். வள்ளமும் வரேல்லை. வந்தால் இஞ்சைதானே வருவான்.”

பரிகாரமாக நானே கூரையேறினேன். இறக்கும்போது அவர் கையில் உடைந்தவை ஏழெட்டு ஓடுகள். ஏற்றும்போது என் காலில் உடைந்தவற்றுக்குக் கணக்கில்லை. (இன்றும் நான் ஏணியைத் தொட்டால் மனைவி, “உடைக்கிறதெண்டால் கீழை நிண்டே உடையுங்கோ” என்பாள்.) புதிய ஓடு எங்கும் கிடைக்காத காலம். பாதிக் கூரைதான் மூடியது.

இறங்கியவன் பேசாமல் போயிருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்து, சைக்கிள் கரியரில் இருந்த வரைபடத்தை விரித்தேன். இங்கே இறங்குதுறை, இங்கே பூங்கா, இதோ உங்கள் வீடு.

“இருவது வருசத்திலை எல்லாம் வந்திடும் அக்கா.”

றோசம்மாக்கா அண்ணாந்து பார்த்தார். ஓடில்லாத பாதிக்கு மேலே மாரி மேகம் கறுத்திருந்தது.

“இருவது வருசம் கிடக்கட்டும் தம்பி. அவன் இண்டைக்கு வந்தால் எங்கை படுக்கிறது?”