மாமாவின் குடலிறக்கமும் என் ரெய்கியும்

கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கவலையில் மட்டும் பட்டம் வாங்கியவனைப் போல இருப்பேன். பஸ் வராவிட்டால் கவலை. வந்துவிட்டால், பிரேக் பிடிக்குமா என்று கவலை.

எண்பதுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தேன். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் முதலாளியம்மா, தன் வீட்டு மாடியில் நடந்த ரெய்கி வகுப்பில் என்னை உட்கார வைத்தார். ஜப்பான் முறை. நோயாளியின் மேல் கை வைத்தால் சக்தி இறங்கி மனம் அமைதியாகுமாம். வைத்தியத்தை நிறுத்தக் கூடாது, இது அதற்குத் துணைதான் என்றார்கள். முதல் பாடம், ‘இன்று மட்டும் கவலைப்படாதே.’ (அப்போ நாளைக்கு? என்று எனக்கு உடனே கவலை வந்துவிட்டது.) இரண்டே நாளில் சான்றிதழ். பள்ளிக்கூடம்கூட எனக்கு அப்படி ஒன்றைத் தந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, பாலக்கோட்டில் தக்காளிக் கூடை தூக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் ஆபரேஷன். மாமா ஏற்கெனவே ஒருமுறை இதேபோல ஆபரேஷனுக்கு முந்தின நாள் கம்பி நீட்டியவர். இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஊருக்குப் போய் மத்தியானச் சோற்றோடு வரும்வரை அவரைக் காப்பது என் பொறுப்பு. பயத்தைப் போக்கிவிட்டால் மனுஷன் ஏன் ஓடப்போகிறார்? கண்ணை மூடிக்கொண்டு ரெய்கி கொடுக்கிறேன் என்றேன்.

“எவ்ளோ நேரம் மாப்ள கண்ண மூடியிருப்ப?”

“முக்கால் மணி நேரங்க மாமா.”

“நடுவுல தொறந்தா?”

“சக்தி போயிருங்க.”

“அப்ப தொறக்காத.”

கை வைக்க வேண்டிய இடமோ அடிவயிற்றுக்கும் கீழே. அக்கா வீட்டுக்காரரை அங்கே தொடுவதா? கூச்சத்தில் அரை அடி மேலேயே கைகளை நிறுத்திக்கொண்டேன். (படாமலும் செய்யலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.) கண்ணை மூடினேன். கட்டில் லேசாக அசைந்தது. சக்தி! கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கதகதவென்று ஆனது. அதுவரை ஒருநாளும் வராத சூடு. மாமாவின் பயம் கரைவதை என்னால் நன்றாக உணர முடிந்தது.

“ஏன்டா, யாருக்குடா கை வெச்சிக்கினு இருக்கற?”

அக்காவின் குரல். கண்ணைத் திறந்தேன். போர்வைக்குள் தலையணை. வாசலில் அக்கா, ஒரு கையில் சோற்றுத் தூக்குப்போசி, இன்னொரு கையில் மாமா. அவள் வந்து இறங்கிய பாலக்கோட்டு பஸ்ஸிலேயே இவர் ஏறப் போயிருக்கிறார்.

காலில் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் இருந்த பாய் சங்கடப்பட்டார். “சொல்லலாம்னுதான் இருந்தங்க தம்பி. நடுவுல கண்ணத் தொறந்தா போயிரும்னீங்களே!”

மறுநாள் ஆபரேஷன் அறை வாசலில் மாமா என் பக்கம் கையை நீட்டினார்.

“மாப்ள, கையப் புடிச்சிக்க. சும்மா புடி, போதும். கண்ண மட்டும் மூடாத.”

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை பிடித்திருந்தேன். இரண்டு பேர் கையும் ஜில்லென்று இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால், முதலில் ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் முன்னால் போடுவார்கள். எழுபதைத் தாண்டிய மாமா மட்டும் எனக்காகப் பரிந்து பேசுவார்:

“சும்மா கேலி பண்ணாதீங்க. அந்தத் தலகாணிக்கு அப்பறம் கொடலே எறங்கலியே!”