சந்திரனுக்குப் போன தோல் பீப்பாய்

தன் படத்தை ஆம்பூரே பார்க்கலாம், அமிர்தவள்ளி மட்டும் பார்க்கக் கூடாது என்று கோதண்டபாணி முடிவு கட்டினார். அமிர்தவள்ளி அவருடைய மனைவி.

ரயிலடிக்குப் பக்கத்தில் கோதண்டபாணிக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கல்யாண ஜோடிகளும் தோல் ஷாப்பு முதலாளிகளும் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். வருகிறவர்களிடமெல்லாம் "அசையாதீங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அவர் முகத்திலும் சிரிப்பு அசையாமல் போய்விட்டது. அப்படியிருக்கும்போது, மெட்ராஸில் ஒரு கம்பெனி கைகழுவிய பழைய சினிமா கேமரா ஒன்றும், மீந்துபோன ஃபிலிம் துண்டுகளும் அவர் கைக்கு வந்தன. அசையாத மனிதர்களை எடுத்தது போதும், இனி அசைகிற மனிதர்களை எடுப்போம் என்று கிளம்பிவிட்டார்.

படத்துக்கு 'வானுலக வாகனம்' என்று பெயர். பேசும் படம் வராத காலம் அது. ஒரு ஆராய்ச்சிப் பண்டிதர் வாகனம் செய்து சந்திரனுக்குப் போகிறார், அங்கே ராஜாவைப் பார்க்கிறார், ஒரு கல்லை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறார். கதை அவ்வளவுதான். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது. இந்த ஜில்லாவிலேயே முதன்முதலாக விஞ்ஞானத்தைத் திரையில் காட்டப்போகிறவன் நான்தான் என்று அவர் மனதார நம்பினார்.

கையில் பணம் கம்மி, கற்பனை ஜாஸ்தி. சிநேகிதன் சுப்பராயன் வேலை செய்த தோல் ஷாப்பில், தோலைப் பதனிடப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மரப் பீப்பாய் ஒன்று உடைந்து கிடந்தது. அதுதான் வாகனம். சுப்பராயன்தான் பண்டிதர். சந்திரவாசிகள் ஊறப்போட்டு எடுத்த ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். மிச்ச சாமான்களெல்லாம் கோதண்டபாணியின் வீட்டிலிருந்தே சப்ளை ஆயின. சந்திர ராஜாவின் கிரீடம் அமிர்தவள்ளியின் இட்லிக் குண்டான். வால் நட்சத்திரத்தின் வால் அவளுடைய துடைப்பம். நட்சத்திரம் பதித்த வானம் அவளுடைய கல்யாணக் கூறைப்புடவை. குண்டான் ஈயம் பூசப் போயிருக்கிறது என்றார். புடவை சலவைக்குப் போயிருக்கிறது என்றார். துடைப்பத்துக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை, பேசாமல் இருந்துவிட்டார்.

இவளைக் கொட்டகைக்குள் விட்டால் என்ன ஆகும்?

"ஏங்க, நானும் வந்து பாக்கட்டுமா?" என்று அவள் கேட்டபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உனக்குப் புரியாது. அது விஞ்ஞானம். ஜனங்க இன்னா அபிப்பிராயம் சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை விடாம வந்து சொல்றேன்."

"சரிங்க," என்றாள் அமிர்தவள்ளி.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. வேறொரு புருஷனாக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். கோதண்டபாணி அதைத் தன் குரலில் இருந்த கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்.

கொட்டகை ரஃபி அகமதுவுடையது. நல்ல மனுஷர். பெரிய படத்துக்கு முன்னால் இதை ஓட்டிப் பார்ப்போம் என்று இடம் கொடுத்திருந்தார். நடுவில் படுதா கட்டி, ஒரு பக்கம் ஆண்களும் மறு பக்கம் பெண்களும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊமைப் படமாச்சே, விளக்கம் சொல்ல ஆள் வேண்டும். கோதண்டபாணியே மூங்கில் பிரம்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் ஆண்கள் புறமாகப் போய் நின்றார்.

"மகாஜனங்களே! அண்ட சராசரங்களை அளக்கப் புறப்படும் ஆராய்ச்சிப் பண்டிதரைக் காணுங்கள்."

"அது சுப்பராயன்தானே?" என்றது தரை டிக்கெட்டு.

அங்கே ஆரம்பித்தது சனி. வந்தவர்கள் கத்திச் சண்டைப் படத்துக்காக வந்தவர்கள். வாகனம் விண்ணில் பறந்தபோது, அது தங்கள் தோல் ஷாப்புப் பீப்பாய் என்று ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். உண்மையில் அது பாலாற்றங்கரை மேட்டிலிருந்து உருண்டுகொண்டிருந்தது. கேமராவைச் சாய்த்துப் பிடித்ததால் மேலே போகிற மாதிரி தெரிந்தது. முணுமுணுப்பு கிளம்பியது. விளக்கைப் போடச் சொன்னார்கள். சிலர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்கள். பீப்பாயிலிருந்து இறங்கிய சுப்பராயன் தலைசுற்றித் தள்ளாடினான். அது நடிப்பே இல்லை.

"பண்டிதர் ஏன் தள்ளாடுகிறார்? சந்திரனில் காற்று இல்லை," என்றார் கோதண்டபாணி ஈனசுரத்தில்.

படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வாணியம்பாடிப் பக்கத்து உருது வாடை வீசுகிற தமிழ்.

"காத்து இல்லியாம். கள்ளு மட்டும் கெடைக்குது போல."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கொட்டகை சிரித்தது. கோதண்டபாணி பிரம்பைத் தட்டி, சந்திர ராஜாவின் ரத்தினக் கிரீடத்தைப் பார்க்கச் சொன்னார்.

"இட்லிக் குண்டான் ஆபா அது," என்று பக்கத்து அக்காவிடம் சொன்னது அந்தக் குரல். "ராஜாவுக்குத் தலை வெந்துச்சான்னு குச்சி வுட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அவர் அவசரமாக வானத்துக்குத் தாவினார். நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்பது கிரகங்களின் ஆகர்ஷண சக்தியால் என்றார்.

"அதெல்லாம் சரி. இந்த வானத்துக்கு முந்தானை இருக்குதே."

சந்திரவாசிகள் பண்டிதரைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். போர்த்தியிருந்த தோலின் நாற்றம் தாங்காமல் செய்த காரியம் அது. அந்த உலகத்தில் அப்படித்தான் வணங்குவார்கள் என்று கோதண்டபாணி சமாளித்தார்.

"வணங்கலீங்க. ஆம்பூர்லேர்ந்து ஆளு வந்திருக்குன்னு மோப்பத்துலயே தெரிஞ்சிகிட்டாங்க."

அவ்வளவுதான். ஆம்பூர்வாசிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மெஷின் ஓட்டுகிறவர் சிரித்த சிரிப்பில் சந்திரன் கொஞ்ச நேரம் திரையைவிட்டு இறங்கிக் கொட்டகைக் கூரையில் ஓடியது. படம் முடிந்ததோ இல்லையோ, கோதண்டபாணி பிரம்பைப் போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டார். மானம் போயிற்று. இனி ஆயுள் முழுக்க "அசையாதீங்க" தான் என்று நினைத்துக்கொண்டார்.

ரஃபி அகமதுதான் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். அடிக்கப் போகிறார் என்று கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். அவரோ கட்டிப் பிடித்தார். தமாஷ் படம் என்று முன்னாடியே சொல்லக் கூடாதா தோஸ்த் என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

பிறகு கோதண்டபாணி ஜனங்களின் அபிப்பிராயத்தைத் தன் காதாலேயே கேட்டார். தோல் ஷாப்பு மேஸ்திரி ஒருவர், கல்யாணம் ஆன நாளிலிருந்து தான் இப்படிச் சிரித்ததில்லை என்றார். பள்ளிக்கூட வாத்தியார், விஞ்ஞானம் பூராவும் தப்பு, ஆனாலும் நாளைக்குக் குடும்பத்தோடு வருகிறேன் என்றார். இன்னொருவர், அந்தப் பீப்பாயில் மாமியாரை அனுப்ப முடியுமா, திரும்பி வருகிற ஏற்பாடு தேவையில்லை என்று விசாரித்தார். கத்திச் சண்டை கிடக்கட்டும், பீப்பாயை இன்னொரு தடவை உருட்டுங்கள் என்று தரை டிக்கெட்டு கூச்சல் போட்டது. கடைசியில், சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அலசுகிற ஒருவர் வெடித்துப்போன கைகளைக் குவித்துக்கொண்டு கிட்டே வந்தார். கை எரிச்சலில் ராத்திரியெல்லாம் தூக்கம் வராது, இன்றைக்குக் கொஞ்ச நேரம் எரிச்சலே மறந்துபோச்சு சாமி என்று சொல்லிவிட்டுப் போனார்.



ஆம்பூரில் தினமும் ஓட்டலாம், அப்புறம் வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ரஃபி அகமது அடுக்கினார். ஆனால் படுதாவுக்குப் பின்னாலிருந்து பேசிய அம்மா கட்டாயம் வரவேண்டும். அந்த அம்மா இல்லாவிட்டால் படம் வெறும் பீப்பாய்தான் என்றார். அது தன்னுடைய ஏற்பாடுதான் என்று கோதண்டபாணி கூசாமல் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அமிர்தவள்ளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ஆகா ஓகோ என்றார்கள் என்றார். பிறகு மென்று விழுங்கி, விஷயத்துக்கு வந்தார். யாரோ வாணியம்பாடி அம்மா, வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கிறது, ஆள் யாரென்று பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

அமிர்தவள்ளி கேட்டுவிட்டு வந்தாள். அந்த அம்மா ஜஹீருன்னிசாவுக்குச் சொந்தமாம். கோஷா. ஆம்பிளைகள் கண்ணில் படமாட்டார். வருவதற்குச் சம்மதம்தான், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. காலையில் கோதண்டபாணி ஒழுங்காக ஸ்டூடியோவைத் திறக்க வேண்டும், ஒரு கல்யாணத்தையும் தட்டிக் கழிக்கக் கூடாது. இன்னொன்று, தினமும் கொட்டகைக்குத் துணையாக அமிர்தவள்ளியும் வந்தாக வேண்டும்.

கோதண்டபாணி மிச்சக் கீரையைத் தன் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தார்.

"நீ வந்தா நல்லது, அமிர்தம்."

"நான் எதுக்குங்க? எனக்குத்தான் விஞ்ஞானம் புரியாதே."

"புரியலன்னா பரவால்ல. சும்மா ஒக்காந்திரு போதும்."

"குண்டான், புடவைன்னு ஏதாச்சும் கண்ணுல பட்டா?"

கோதண்டபாணி புதுக் குண்டானுக்கும் புதுப் புடவைக்கும் ஒப்புக்கொண்டார். துடைப்பத்தை அவளாகவே மன்னித்துவிட்டாள்.

படம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வாணியம்பாடியில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர்கள் டூட்டி முடிந்த கையோடு கரி படிந்த முகத்துடன் வந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, அந்த நீரிலேயே முகம் கழுவிக்கொண்டு போனார்கள். கோதண்டபாணியைத் தெருவில் கண்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முதலில் அவருக்குச் சுருக்கென்று இருந்தது. போகப் போக, அது தன்னைக் கண்ட சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு என்று புரிந்தது. ஒருநாள் ஸ்டூடியோவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்களேன்" என்றே சொல்லிவிட்டார்.

ஜோலார்பேட்டையில் கடைசி ஆட்டம் முடிந்ததும் அவரால் தாங்க முடியவில்லை. கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்து, படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்று கை கூப்பினார். படுதாவைத்தான் கும்பிட்டார் என்றாலும் மனதாரக் கும்பிட்டார்.

"அம்மா, நான் பெரிசா விஞ்ஞானம் சொல்லப் போனேன். அன்னிக்கு ஜனங்க எந்திரிச்சுப் போய்ட்டிருந்தா நான் இன்னிக்குத் தலை நிமிந்து நடக்க முடியாது. நீங்கதான் காப்பாத்தினீங்க. இந்த நன்றியை எந்த ஜென்மத்துல தீர்ப்பேனோ." அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "என் சம்சாரம் அங்கதான் ஒக்காந்திருக்கா. அவ எதிர்லயே சொல்றேன். உங்க அறிவுல கால்வாசி அவளுக்கு இருந்திருந்தா..."

"கால்வாசி இருந்திருந்தா அவ உங்களக் கட்டியிருப்பாளா?"

இந்தத் தடவை அந்தக் குரலில் வாணியம்பாடியும் இல்லை, உருதுவும் இல்லை.

கோதண்டபாணி படுதாவை விலக்கினார். ஜஹீருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமிர்தவள்ளி. மூன்றாவது ஆள் யாரும் இல்லை.

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் எத்தனையோ நாள் அந்தக் குரல் பேசியிருக்கிறது, ஒருநாளும் அவர் காது கொடுத்ததில்லை. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை. முதல் நாள் தன் கூறைப்புடவையை வானத்தில் கண்டவள் நியாயமாக எழுந்து போயிருக்க வேண்டும். அவளோ, எழுந்து போக இருந்தவர்களை உட்கார வைத்தாள்.

"அம்மான்னு சொன்னேனே ஒழிய, அந்த நன்றியெல்லாம் உனக்குத்தான்," என்றார். அமிர்தவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவையிலிருந்த மணலைத் தட்டினாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

ஊரெல்லாம் அபிப்பிராயம் கேட்டவர், இவளிடம் மட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நெசமாச் சொல்லு அமிர்தம். படத்தைப் பத்தி உன் அபிப்பிராயம் இன்னா?"

அவள் நன்றாக யோசித்தாள்.

"படத்துல கொறை ஒண்ணும் இல்லீங்க. அடுத்த தடவை பீப்பாய்க்குள்ள நீங்க ஒக்காருங்க, வெளிய நின்னு பேசறத நான் பாத்துக்கறேன்."