பாராளுமன்றத்தில் வாசித்த கலியாண அழைப்பிதழ்

வெள்ளவத்தை,
ஆவணி 3.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் திரு. ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும்,

உங்கள் மருமகளாகப் போகிற வாசுகியின் தகப்பன் தில்லைநாதன் பணிவன்புடன் எழுதுவது. எல்லாவற்றுக்கும் முதல், உங்கள் மகன் தயாபரன் சுகம். இந்த நிமிடம் எங்கள் குசினியில் இருந்து இரண்டாம் முறை புட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். 'மகனை ஆமி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது' என்ற உங்கள் தந்தி கிடைத்ததும் 'மகன் இங்கே சுகம்' என்று பதில் தந்தி அடித்தேன். தந்தியில் செபஸ்தியனை விளக்க இடம் போதாது, ஆகையால் இந்தக் கடிதம். இதை நடுவழியில் பிரித்து வாசிக்கும் உத்தியோகத்தர் ஐயாவுக்கும் என் வணக்கம். திரும்ப ஒட்டும்போது தயவுசெய்து நன்றாக ஒட்டிவிடவும்.

செபஸ்தியன் என்பவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். அரசாங்கத்தைச் சீண்டுவதுதான் அவருக்குச் சோறும் கறியும். அரசாங்கம் ஏதாவது பிழை விட்டால் அவர் முகத்தில் ஒரு களை வரும். நல்லது செய்துவிட்டால் மனிதர் வாடிப்போவார். அவருடைய ஒழுங்கைக்குத் தார் போட்ட அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று அவர் மனைவியே எனக்குச் சொன்னா. தயாபரனுக்குக் கொழும்புக்குக் கப்பலேற ஆமியின் அனுமதி வராமல் முகூர்த்தம் நெருங்கி வந்தபோது, போகாத கந்தோரெல்லாம் போய் அலுத்துத்தான் கடைசியில் இந்த மனிதரிடம் போனேன். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில், பெண் கொழும்பில், நடுவில் அரசாங்கம் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கதிரையை விட்டு எழும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இது தங்கம்! இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க? ஒண்ணு செய்வோம். பட்ஜெட் விவாதம் வரைக்கும் மாப்பிள்ளைய அங்கயே வச்சிருப்போம். அப்பதான் நல்லா அடிக்கலாம்."

"ஐயோ, முகூர்த்தம் ஆவணியிலை! பட்ஜெட் வரேக்கை பிள்ளைக்குத் தாலி ஏறி மூண்டு மாசமாயிருக்கோணும்" என்றேன்.

அவருக்குப் பெரிய ஏமாற்றம். இருந்தாலும் ஆவணிக்குச் சம்மதித்தார். அத்தாட்சி ஏதாவது கொண்டுவரச் சொன்னார். கலியாணத்துக்குக் கலியாண அழைப்பிதழைவிட வேறு என்ன அத்தாட்சி என்று நினைத்து, மஞ்சள் பூசி, முதல் அழைப்பிதழை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

மறுநாள் அவர் சபையில் எழும்பிக் கேள்வி கேட்டார். அனுமதிக்குப் பொறுப்பான அமைச்சர், அப்படி ஒரு மாப்பிள்ளையே கிடையாது, எல்லாம் எதிர்க்கட்சியின் கற்பனை என்றார். செபஸ்தியன் காத்திருந்தது அதற்குத்தான். சட்டைப் பைக்குள் இருந்து அழைப்பிதழை எடுத்து, உங்கள் பெயர், என் பெயர், பிள்ளைகளின் பெயர், நட்சத்திரம், சுபமுகூர்த்த வேளை, மதிய போசனம் என்று ஒன்றும் விடாமல் வாசித்து, சுற்றமும் நட்பும் சூழ வந்து வாழ்த்துமாறு அமைச்சர் உட்பட சபை முழுவதையும் அழைத்துவிட்டார். அமைச்சருக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் வருவேன். எனக்கு முந்தியே மாப்பிள்ளை அங்கே இருப்பார், போய்ப் பாரும்" என்றாராம்.

அன்றிரவு வானொலியில் அதைக் கேட்டபோது நான் அழுதேன், சம்பந்தியார். அந்தச் சபையில் எங்கள் பிள்ளைகளின் பெயர் வருவதென்றால் பிடிபட்டவர், காணாமல்போனவர் என்றுதான் வரும். முதல்முறையாக ஒரு நல்ல நேரத்தோடு வந்தது.

அழுது முடிக்கவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. நெருங்கிய சொந்தத்துக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் பிறத்தியாருக்கு அழைப்பிதழ் கொடுப்பது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெஹிவளையில் இருக்கும் என் மைத்துனி ஜெகதீஸ்வரி, பாராளுமன்றத்துக்குப் பிறகுதானா தனக்கு என்று படலையைப் பூட்டிவிட்டா. பாமன்கடையில் இருக்கும் ஒன்றுவிட்ட தமையனார் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று ஆள் விட்டுச் சொன்னார். என் மனைவி கனகேஸ்வரி என்னோடு கதைப்பதை நிறுத்தினா. "ஊர் பேர் தெரியாத மந்திரிமாருக்கெல்லாம் சொன்ன மனிசன், என்ரை கூடப்பிறந்தவளுக்குச் சொல்லேல்லையே" என்று சுவருக்குச் சொன்னா.

இந்த நிலைமையில்தான் எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது. உடனே கனகேஸ்வரி அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவையும் தூக்கிக்கொண்டு ஓடினா. நான் இடுப்பில் கட்டிய சாறத்தோடு கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். இறங்கிய அதிகாரி, "மாத்தயா, மே இன்னே மனமாலயா" என்றார். இதோ உங்கள் மாப்பிள்ளை என்று சிங்களத்தில் சொல்கிறார்! பின்னால் தயாபரன், கையில் ஒரு பை, முகத்தில் இரத்தமே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏற்றியதிலிருந்து விமானம், பிறகு மறுபடி ஜீப், ஒருவரும் காரணம் சொல்லவில்லையாம். உங்கள் படலையடியில் சம்பந்தி அம்மா விழுந்து அழுததைச் சொல்லிப் பிள்ளை விம்மினார். அம்மா, அந்த அழுகைக்கு நான் காரணம். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அதிகாரி மாப்பிள்ளையை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்தோம்.

அடுத்த சிக்கல், தாலி கட்டுமுன் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது அழகில்லை. பொலிஸ் பதிவிலோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்றபடியால், அவர் என் விலாசத்தில்தான் தங்க வேண்டும், வேறெங்கும் படுத்தால் பிடித்துவிடுவார்கள். மாப்பிள்ளையை நகர்த்த முடியாதபடியால் வாசுகியை நகர்த்தினோம். பெட்டியோடு ஜெகதீஸ்வரி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "பெண் உன்ரை வீட்டிலையிருந்துதான் வெளிக்கிடப் போறாள்" என்றேன். பூட்டு உடனே திறந்தது. கனகேஸ்வரியும் என்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டா. கதைக்காத நாளெல்லாம் சொல்ல நிறையச் சேர்த்து வைத்திருந்திருக்கிறா.

நேற்று செபஸ்தியன் வந்தார். தயாபரன் சாப்பிடுவதைப் பார்த்து அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "ரெண்டு மாசம் பேச வேண்டிய விஷயத்த ரெண்டே நாள்ல முடிச்சிட்டானுங்களே" என்று பெருமூச்சு விட்டார். இனி இந்த மனிதரிடம் எதுவும் கேட்பதில்லை என்று கனகேஸ்வரிக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். உங்கள் இருவருக்கும் அனுமதி வர வழியில்லை என்பது எங்களுக்கு விளங்குகிறது. உங்களுக்குரிய இடத்தில் பாமன்கடைத் தமையனாரும் மனைவியும் நிற்பார்கள். அந்தப் பெருமைக்காக அவர் வரச் சம்மதித்துவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் அங்கே விளக்கேற்றி, இருந்த இடத்திலிருந்து பிள்ளைகளை ஆசீர்வதியுங்கள். சம்பந்தி அம்மா வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பது தயாபரனின் வேண்டுகோள். அவர் உங்களைப் பற்றிக் கேட்பதில்லை, ஆனால் ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எட்டிப் பார்க்கிறார்.

முருகன் துணையோடு எல்லாம் நல்லபடி நடக்கும்.

தங்கள் அன்புள்ள,
தில்லைநாதன்.

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் செபஸ்தியன் மறுபடி ஓடி வந்தார். அழைப்பிதழைத் திரும்ப வாசித்தபோது மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் இன்னும் அங்கேதான் என்பது அவருக்கு உறைத்ததாம். முகத்தில் அந்தப் பழைய களை. நான் ஒன்றும் கேட்கவில்லை, கனகேஸ்வரிதான் கேட்டா. இவர் சபையில் மறுபடி எழும்பப் போகிறார் என்று மோப்பம் பிடித்த அமைச்சர், சனிக்கிழமை விமானத்தில் உங்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியாயிற்று என்று சற்றுமுன் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அறிவித்துவிட்டார். ஆகவே இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. இருந்து இதை வாசித்துக்கொண்டிருந்தால், அரசாங்கம் சொன்ன சொல் தவறிவிட்டது என்று உடனே தந்தி அடியுங்கள். செபஸ்தியனுக்கு அதைவிடப் பெரிய கலியாணப் பரிசு ஒருவராலும் கொடுக்க முடியாது.