ஈட்டிமரப் பெட்டியின் இனிய நாதம்

ஒரு ஊரின் நாகரிகத்தைச் சாலைகளையும் பள்ளிகளையும் வைத்து அளப்பவர்கள் விவரம் அறியாதவர்கள். அங்கே ஒலிபெருக்கி எந்தப் பெட்டிக்குள் குடியிருக்கிறது என்று பார்த்தால் போதும். அந்தக் கணக்கில், மைசூரில் நான் நிர்வாக அலுவலராக இருக்கும் கண் மருத்துவமனைதான் நாகரிகத்தின் சிகரம் என்பதை லெஸ்லி ஆகிய நான் பணிவோடு அறிவித்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டுவரை நாங்களும் காட்டுமிராண்டிகளாகவே இருந்தோம். காத்திருப்புக் கூடத்தில் ஒரு பழைய தகரப் பெட்டி தொங்கியது. கரகரவென்று பேசும். ஆனால் பெயர் விளங்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

எங்கள் தலைவர் தீபக் இசை ரசிகர். கூடத்தில் ஒரு நாள் ஐந்து நிமிடம் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். மறுவாரமே ‘ஒலிப்பெட்டி மூலப்பொருள் ஆய்வுத் துணைக்குழு’ உதயமாயிற்று. தலைவர் அவர், செயலாளர் நான். ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் லிங்கப்பன் ‘நிபுணர்’.

லிங்கப்பன் தகரப் பெட்டியை மேசைமேல் வைத்து விரலால் தட்டினார். ணங்கென்றது.

“பாத்தீங்களா? தட்டுனா பதில் சொல்லுது. பெட்டி பதில் சொல்லக் கூடாதுங்க. உள்ள இருக்கற ஸ்பீக்கர் மட்டுந்தான் பேசோணும். பெட்டியும் சேந்து அதிர்ந்துச்சுன்னா ரெண்டு பேரு ஒரே சமயத்துல பேசற மாதிரி ஆயிருமுங்க.”

“பேசாத பெட்டிக்கு எதுக்கு ரீ இவ்வளவு மீட்டிங்?” என்றார் தீபக், கன்னடம் கலந்த தமிழில்.

“எம்.டி.எஃப். போதுங்க. முக்கால் அங்குலக் கனம். உள்ள குறுக்க ஒரு கட்டை. அவ்வளவுதான்.”

“எம்.டி.எஃப்.னா என்ன?”

“மரத்தூளப் பசை போட்டு அமுக்குன பலகைங்க.”

“தூளா? கண் ஆஸ்பத்திரியிலயா? பேடா, பேடா! வேண்டவே வேண்டாம்! லெஸ்லி, எழுதுங்க.”

‘சுகாதாரக் காரணங்களால் நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினேன். பிளாஸ்டிக் ‘மலிவான தோற்றம்’ என்பதால் விழுந்தது. பிளைவுட் ‘பெயரிலேயே கம்பீரம் இல்லை’ என்பதால் விழுந்தது. மிஞ்சியது ஈட்டிமரம். கால் அங்குலப் பலகை, முகப்பில் அம்பாரி யானைகள் பதித்த வேலைப்பாடு.

“பலகை மெலிசுங்க, அகலம் சாஸ்தி. பேச்சு விழுகற எடத்துலயே இது ரீங்காரம் போடும், பேரு விளங்காதுங்க” என்றார் லிங்கப்பன்.

“வீணைகூட மரம்தானே?”

“வீணை பாடறதுக்குங்க. இது பேரு கூப்பிடறதுக்குங்க.”

இந்த மாற்றுக் கருத்தை முறைப்படி வரவேற்றோம். அடுத்த கூட்டத்துக்கு லிங்கப்பனை வரவேற்கவில்லை.

திறப்பு விழா அன்று பெட்டி பேசிய முதல் சொல்லிலேயே கூடம் அதிர்ந்தது. கிணற்றுக்குள் இருந்து ஒரு யானையே வாழ்த்துவதுபோல இருந்தது. “எவ்வளவு வார்ம்!” என்று தீபக் கண்ணை மூடிக்கொண்டார். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நெடுங்காலமாக நிலவிய இன வேறுபாட்டை எங்கள் பெட்டி ஒரே நாளில் ஒழித்துக்கட்டியது. நஞ்சம்மா, பசம்மா, நாச்சம்மாள் மூவரும் அதன் முன் சமம். யாரைக் கூப்பிட்டாலும் “ஊம்...ஊம்மா” என்று ஒரே நாதம். டோக்கன் எண்களை ‘மனிதநேயமற்றவை’ என்று ஏற்கெனவே ஒழித்திருந்ததால், ஒரு பெயருக்கு மூன்று பேர் எழுந்து நிற்கும் கூட்டுறவு மனப்பான்மையும் வளர்ந்தது. கேட்டு அலுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ‘காத்திருப்போர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது’ என்று அறிக்கை கொடுத்தேன்.

நர்ஸ் ரோசலின் மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, தன் வாயாலேயே பெயர்களைக் கூப்பிட்டாள். பகல் ஒரு மணிக்குள் அத்தனை பேரும் டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். இப்படி ஓர் ஒழுங்கீனத்தை அதுவரை நான் கண்டதில்லை.

“பெட்டியற்ற குரலில் நோயாளிகளை அழைத்தது ஏன்?” என்று மெமோ கொடுத்தேன்.

“அவங்களுக்குக் கேட்டுச்சு சார்” என்று எழுதிக் கொடுத்தாள்.

திருப்தியற்ற விளக்கம். மருந்துக் கிடங்குக்கு மாற்றினேன். அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் கோபிநத்தத்திலிருந்து நாச்சம்மாள் முதல்முறையாக வந்தார். இடது கண் சிறு வயதிலேயே முள் குத்திப் போனது. வலது கண்ணில் மின்னல் வெட்டுகிறது என்று பதிவு செய்துகொண்டார். மாலை வரை உட்கார்ந்திருந்தார். கவுன்டரில் கேட்டதற்கு, “பேர் கூப்பிடுவாங்கம்மா, உக்காருங்க” என்றார்கள். மறுவாரமும் வந்தார். அதற்கு மறுவாரமும் வந்தார். நான்காம் முறை மகள் மாதேவி அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து, யாரும் கூப்பிடாமலேயே டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் டாக்டர் சௌம்யா என்னை வரச் சொன்னார்.

“விழித்திரை முழுசா பிரிஞ்சுபோச்சு, லெஸ்லி. முதல் நாளே பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ரிஜிஸ்டர்ல மூணு தடவையும் ‘அழைத்தும் வரவில்லை’ன்னு இருக்கு. யார் எழுதினது?”

கையெழுத்து நேர்த்தியாக இருந்தது. என்னுடையதுதான்.

டாக்டரின் குரல் வந்த திசையில் நாச்சம்மாள் கும்பிட்டார். “வந்தனுங்க சாமி. அந்தப் பொட்டிக்கு எதுத்தாப்பலதான் குக்கி உக்காந்திருந்தனுங்க. பேரு சொன்னா எந்திரிக்கலாம்னு அதையவே பாத்துக்கிட்டிருந்தனுங்க. யானையெல்லாம் எம்புட்டு அழகு! மூணாவது தடவ வந்தப்பத்தான் பாதி யானைதான் தெரிஞ்சுதுங்க.”

மாதேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்பது அந்தப் பார்வையிலேயே விளங்கியது.

சிறந்த உள்ளரங்க அழகுக்கான விருது ஒன்றுக்கு அந்த வாரம் விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. ‘பயனாளியின் கருத்து’ என்ற கட்டத்தில், “யானையெல்லாம் எவ்வளவு அழகு!” என்று நல்ல தமிழில் எழுதினேன். கீழே கைநாட்டு தேவைப்பட்டது. எங்கே வைப்பது என்று நாச்சம்மாளுக்குத் தெரியவில்லை. நான்தான் விரலைப் பிடித்து வைத்தேன்.