பழுப்புத் தாளில் வைத்த காளான்

வரிசை எண் போட்டு எழுதிவிட்டால் எதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று வெகுகாலம் நம்பியவன் நான். அந்த நம்பிக்கையால், மூன்று மாதக் கர்ப்பிணியான என் தங்கையின் கையிலிருந்து சோற்றுத் தட்டைப் பிடுங்க நேர்ந்தது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழைக்காலம். தங்கை செல்வி உப்பூரிலிருந்து கணவரோடு கடலாடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மசக்கையில் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் நாள், "அண்ணே, காளான் கொழம்புன்னா ரெண்டு வாய் எறங்கும்" என்றாள். கடைகளில் காளான் இல்லை. ஆனால் வீட்டில் நிபுணர் இருந்தார். (நான்தான். காளான் வளர்ப்பில் இரண்டு நாள் பயிற்சி பெற்று, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.)

கொல்லையில் விழுந்து கிடந்த முருங்கை மரத்தில் காளான்கள் வெள்ளையாக, அடுக்கடுக்காக முளைத்திருந்தன. நாட்குறிப்பில் எழுதினேன்: ஒன்று, சிப்பி வடிவம், சரி. இரண்டு, பட்ட மரத்தில் முளைத்தது, சரி. மூன்று, காம்பு இல்லாத மாதிரி குட்டை, சரி. நான்காவதுதான் முக்கியம். காளானை ஒரு தாளில் கவிழ்த்துச் சில மணி நேரம் விட்டால் அடிப்புற மடிப்புகளிலிருந்து மெல்லிய தூள் உதிரும். சிப்பிக்காளான் என்றால் தூள் வெள்ளை. அதைப் போலவே இருக்கும் வேறொன்றுக்குப் பழுப்பு.

தாளுக்கு எங்கே போவது? நாட்குறிப்பில் கிழிக்க மனம் வரவில்லை. பக்கங்களுக்கு எண் போட்டிருந்தேன். அதற்கு அட்டை போட்டு மிஞ்சிய பழுப்புத் தாளில் காலை ஏழு மணிக்கு ஒரு காளானைக் கவிழ்த்தேன். மற்றவற்றைக் காற்றாடக் கட்டிலில் கிடந்த சுத்தமான துணியில் பரப்பினேன்.

பதினொன்றரைக்கு எடுத்துப் பார்த்தேன். தாளில் எதுவும் தெரியவில்லை. "நிறம் இல்லை; ஆகவே வெள்ளை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வெள்ளைத்தூள் என்றால் பழுப்புத் தாளில் பளிச்சென்று தெரிந்திருக்குமே என்ற யோசனை அந்தச் சான்றிதழ் மூளைக்கு வரவில்லை.

பெரிய காளான்களை மனைவி சாந்தியிடம் கொடுத்தேன்.

"ஏங்க, கழுவுன தண்ணி டீ மாதிரி இருக்கு."

"மரத்தூசி. நாலு சோதனையும் பாத்தாச்சு."

"நாலு பாத்தவருக்கு நாப்பது பாக்கத் தெரியாதா" என்று முணுமுணுத்தபடி மசாலா அரைத்தாள்.

செல்வி தட்டோடு உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்போது குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்த மாப்பிள்ளை கட்டிலருகே நின்று கூப்பிட்டார்.

"மச்சான், கோயிலுக்குக் கட்டத் தேச்சு வச்ச வேட்டி. இதுல யாரு காப்பியக் கொட்டுனா?"

காளான்களை ஓரமாகத் தள்ளிவிட்டு வேட்டியை விரித்துக் காட்டினார். சிப்பி சிப்பியாகப் பதினொரு பழுப்புத் தடங்கள். ஒவ்வொன்றிலும் மடிப்பின் கோடுகள்கூட அச்சடித்த மாதிரி இருந்தன.

நான் ஓடினேன். தட்டைப் பிடுங்கினேன். விரல்களைப் பிரித்து உருண்டையையும் பிடுங்கினேன். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தேன்.

செல்வியின் கண் கலங்கிவிட்டது. "ஒரு வாய்ச் சோத்துக்கா அண்ணே இப்புடி? சொல்லியிருந்தா இங்கன வந்திருக்கவே மாட்டேன்ல."

நான் வேட்டியை நோக்கிக் கையைக் காட்டினேன். துண்டோடு நின்ற மாப்பிள்ளை வேட்டியைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "மாசமா இருக்குற புள்ளைகிட்டயா தட்டப் புடுங்குவாக?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் தெரு முழுக்க அதையே கேட்டது.

சாந்தி குழம்பைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, செல்விக்கு மோர்ச்சோறு பிசைந்து கொடுத்தாள். அது வயிற்றில் தங்கியது.

பயிற்சி கொடுத்தவரைப் போனில் கேட்டேன். "விஷம்னும் சொல்ல முடியாது, சாப்பிடலாம்னும் சொல்ல முடியாது. ஏன் சார், வெள்ளைத்தாளே கிடைக்கலையா?" என்றார். மாப்பிள்ளைக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தேன். தன் வேட்டியை அப்படிக் கட்டிலில் போட்டு வைத்திருந்த அந்த மனிதருக்கு எத்தனை வேட்டி எடுத்துக் கொடுத்தாலும் தகும்.

அன்று செல்வியின் வயிற்றில் இருந்தவள் இப்போது பத்தாம் வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில் நான் உப்பூர் வீட்டுக்குள் நுழைந்தால் போதும், தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள்.

"அம்மா, மாமா வாராக. எல்லாரும் தட்டப் பிடிச்சுக்கங்க."

மொத்த வீடும் சிரிக்கும். நானும் சிரிப்பேன், அவள் முழுத் தட்டையும் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே.