பதினேழு ஃபோல்டரும் ஒரு அறுப்பு மெஷினும்

கணினியில் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் ஜீவராசிகளில் 'அடுக்காளர்' என்றோர் இனம் உண்டு. வேலையை இவர் செய்ய மாட்டார். வேலை வந்தால் எங்கே உட்காரும் என்று இடம் போட்டு வைப்பார். பந்தியில் பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் இலைக்கும் எண் கொடுத்துவிட்டு, அடுப்பை மட்டும் பற்றவைக்காத சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்தான்.

இவர்கள் பெங்களூரில்தான் மேய்வார்கள் என்று நினைத்தீர்களா? வீட்டிலிருந்தே வேலை என்று வந்த பிறகு செஞ்சியிலும் ஒருவர் கிடைக்கிறார். பெயர் பார்த்திபன், என் நண்பர். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, வீடியோ காலில் அவரைப் பார்த்துப் பதறுவது என் பொழுதுபோக்கு.

அவருடைய தங்கை வளர்மதியும் மாப்பிள்ளை குருவும் நெல் அறுப்பு மெஷின் வைத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரே நாளுக்கு இரண்டு ஊர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்து, ஒருவர் கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான். இந்த வருடமும் அப்படி ஆனால் தொழில் நிலைக்காது. எனவே வளர்மதி அண்ணனிடம் வந்தாள்.

"ண்ணா, பேரு, ஊரு, தேதி. ஒரே தேதிக்கு ரெண்டாவது ஆள் வந்தா இல்லன்னு சொல்லணும். அவ்ளோதான்."

'அவ்ளோதான்' என்ற சொல் மட்டும் அடுக்காளர் காதில் விழாது.

இதற்கான புரோகிராமை 'கோ' என்ற கணினி மொழியில் எழுதுவதென்று பார்த்திபன் முடிவு செய்தார். எளிமையான மொழி, சின்ன வேலையென்றால் ஒரே கோப்பில் எழுதி அப்படியே ஓட்டிவிடலாம் என்று அதன் பெருமையை என்னிடம் நாற்பது நிமிடம் பேசினார். பேசி முடித்ததும் ஃபோல்டர் போட ஆரம்பித்தார். வாசலுக்கு ஒன்று, வெளியாள் நுழையக் கூடாத உள்கட்டுக்கு ஒன்று, கேள்வியை வாங்குபவருக்கு ஒன்று, வாங்கிய கேள்வியைத் திறந்தே பார்க்காமல் அடுத்தவரிடம் நீட்டுபவருக்கு ஒன்று, நீட்டியதைக் கொண்டுபோய்க் கிடங்கில் வைப்பவருக்கு ஒன்று, எங்கும் சேராததற்கு 'பொது' என்று ஒன்று, 'பொது'விலும் சேராததற்கு இன்னொன்று. மொத்தம் பதினேழு. தேதியைக் கேட்கும் வரி எங்கே என்றீர்களானால், அது எந்த ஃபோல்டரில் வர வேண்டும் என்பதுதான் பத்து நாளாக ஆராய்ச்சி.

பதினோராம் நாள் கோ முறைத்தது. இரண்டு ஃபோல்டர்கள் ஒன்றையொன்று கேட்டுச் சுற்றினால் அது ஓட மறுத்துவிடும். அவர் தலையில் கை வைத்திருப்பதை மனைவி ரஞ்சனி பார்த்தாள். ரஞ்சனி, குருவின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு.

"இன்னாங்க ஆச்சு?"

"மெஷினுக்கு விவசாயி வேணும், விவசாயிக்கு மெஷின் வேணும். இப்பிடிச் சுத்திக்கிட்டா கோ ஒத்துக்காது."

"எங்க அண்ணனுக்கு உங்க தங்கச்சியக் குடுத்து, உங்களுக்கு என்னக் கட்டி வெச்சாங்களே. அதயும் ஒத்துக்காதா?"

"நடுவுல ஒரு இன்டர்ஃபேஸ் வெச்சிருக்கணும்."

"தரகர் இருந்தாரே."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவர எந்த ஃபோல்டர்ல வெச்சாங்க?"

ரஞ்சனி சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்குள் கதிர் முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை மழை என்றார்கள். "இருக்கறதக் குடுண்ணா" என்று வளர்மதி வந்து நின்றாள். இருந்தது என்ன? சர்வருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஒரே ஒரு பக்கம். யார் திறந்தாலும், எப்போது திறந்தாலும், 'ஓகே' என்று சொல்லும். வேறு எதுவும் சொல்லத் தெரியாது. "சும்மா டெஸ்ட் பண்ணிப் பாரு" என்று அதன் லிங்கைக் கொடுத்தார். அவள் அதை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'வியாழக்கிழமை மெஷின் வேணுன்றவங்க இதுல பாத்துக்கங்க.'

ஏழு பேர் பார்த்தார்கள். ஏழு பேருக்கும் ஓகே.

வியாழன் காலை மெஷின் ஷெட் வாசலில் ஏழு பேரும் நின்றார்கள். தொண்டூர் ஆண்டாளம்மா போனைத் தூக்கிக் காட்டினார். "இன்னா எழுதியிருக்குது படி. ஓகே."

அனந்தபுரம் சேசுராஜ் தன் போனைக் காட்டினார். "எனக்கு நேத்தே சொல்லிடுச்சு."

"நேத்து சொன்னது பழைய ஓகே. எனக்கு இப்பதான் சொல்லிச்சு" என்றார் ஆண்டாளம்மா.

வளர்மதி அண்ணனுக்குப் போன் போட்டாள். "ண்ணா, யாருக்குத்தான் ஓகே?"

"யாருக்கும் இல்ல வளரு. சர்வருக்கு."

இதற்குள் ஆண்டாளம்மா மெஷினில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இறங்க மாட்டேன் என்றார். குரு படிக்கட்டில் தொற்றிக்கொண்டு கெஞ்சி, ஓரமாக உட்காரவைத்து, தொண்டூருக்கே ஓட்டினார். மற்றவர்களில் ஐந்து பேர் வேறு மெஷின் தேடிப் போனார்கள். அடுத்த வருடமும் அங்கேயே போவார்கள். சேசுராஜ் மட்டும் காத்திருந்தார். மறுநாள் மெஷின் அவர் வயலை எட்டுமுன் மழை எட்டிவிட்டது.

வளர்மதி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது என்றாள் ரஞ்சனி. பார்த்திபனோ முகம் மலர்ந்து, "ஏழு பேர் ஒரே நேரத்துல வந்தும் சர்வர் விழல பாத்தியா. ஸ்ட்ரக்சர் அப்பிடி" என்றார். அன்றே பதினெட்டாவது ஃபோல்டர் பிறந்தது. பெயர்: மழை.

சிரிக்கிறீர்கள். நீங்கள் கோ எழுதுபவர் இல்லை; ஃபோல்டரும் கீல்டரும் உங்களுக்கு எதற்கு? சரி. ஆனால் யாரோ உங்களிடம் சின்னதாக ஒரு வேலை சொல்லியிருக்கிறார். அதற்காக நீங்கள் புது டைரி வாங்கி, கலர் பேனாவால் கட்டம் போட்டு, தலைப்பு எழுதி, தலைப்பை அடித்துவிட்டு இன்னொரு தலைப்பு எழுதி, களைப்பாறத்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மனிதர் இன்று காலைகூட விசாரித்தாரே, அவருக்கு என்ன பதில் அனுப்பினீர்கள்?

ஓகே என்றுதானே?